விடுதலையான லுஸ்ஸு தீவுக்குப் போனது ஏன்?

நண்பரே, நீதிமன்றம் விடுவித்த இத்தாலியப் பாசிச எதிர்ப்பு அரசியல்வாதி எமிலியோ லுஸ்ஸு எப்படி சிசிலிக்கு அருகிலுள்ள லிப்பாரி தீவில் கைதியாக இருந்தார், கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே உண்மைதான், இரண்டையும் எழுதுங்கள்.

1926 அக்டோபர் 31 அன்று போலோன்யா நகரில் இத்தாலியின் பாசிச ஆட்சியாளர் முசோலினியைச் சுட முயற்சி நடந்தது. அன்றிரவே இத்தாலியின் சார்டினியா தீவிலுள்ள கால்யாரி நகரில் பாசிசக் கும்பல் லுஸ்ஸுவின் வீட்டை முற்றுகையிட்டது. பால்கனி வழியாக ஏறிவந்த ஒருவனை அவர் சுட்டுக் கொன்றார். ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தபின், தற்காப்பு என்று விடுதலை கிடைத்தது.

சிக்கல் இங்கேதான். 1926 நவம்பரில் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டப்படி, 'கொன்ஃபீனோ'வுக்கு, அதாவது ஒருவரை நாட்டுக்குள்ளேயே தீவிலோ தொலைதூர ஊரிலோ கொண்டுபோய் அடைத்துவைப்பதற்கு, வழக்கும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். மாகாண ஆணையம் ஒன்று 'ஆபத்தானவர்' என்று முடிவெடுத்தால் போதும். குற்றம் நிரூபிக்க முடியாதவர்களுக்கென்றே செய்த ஏற்பாடு என்று எனக்குத் தோன்றும். அப்படித்தான் அவருக்கு ஐந்து ஆண்டுகள் விதித்தார்கள்.

ஆனால் அவர் அதை முடிக்கவில்லை! 1929 ஜூலையில் தீவில் அவரைப் போலவே அடைக்கப்பட்டிருந்த கார்லோ ரொஸ்ஸெல்லி, பிரான்செஸ்கோ ஃபாவுஸ்தோ நித்தி ஆகியோருடன் மோட்டார் படகில் தப்பி, துனீசியா வழியாகப் பாரிஸ் போனார். 'நீதியும் விடுதலையும்' என்ற பாசிச எதிர்ப்பு இயக்கம் அங்கேதான் பிறந்தது.

அப்புறம் ஒன்று: அவருடைய முதல் உலகப்போர் நினைவுநூலைத் தீவில் எழுதியதாகப் போட்டுவிடாதீர்கள். அதைப் பின்னாளில், சுவிட்சர்லாந்தில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது எழுதினார்.