ஒரே துவாய், ஒரே சொட்டு மருந்து: கண்நோய்க் கேள்விகள்

பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) நாலு பிள்ளைகளுக்குக் கண் சிவந்து பீளை ஒட்டுகிறது. மடுவத்தை மூடிவிடலாமா?
(மடுவத்து ஆயா, மஸ்கெலியா)

மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார், பிள்ளை லயத்து வரிசை வீட்டில் இன்னும் நாலு பேரோடு புரளும். நான் மூடச் சொல்லமாட்டேன். பீளை வடிகிற பிள்ளைகள் மட்டும், அது நிற்கும்வரை வீட்டில் இருக்கட்டும். மஞ்சளாகக் கெட்டியாக வந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பாக்டீரியா. தண்ணீராக வடிந்தால் அநேகமாக வைரஸ். அதற்கு ஆன்டிபயோட்டிக் சொட்டு விட்டுப் பயனில்லை. பரவும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்: கை, துவாய், தலையணை. கோபிக்காதீர்கள், வரிசையாக உட்காரவைத்து ஒரே துணியால் முகம் துடைக்கிறீர்களா? அதை இன்றைக்கே நிறுத்துங்கள். கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்து எறியுங்கள், மற்றக் கண்ணுக்கு வேறு பஞ்சு. ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நாலு பேர் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லிவையுங்கள்.

மூத்தவனுக்குத் தந்த சொட்டு மருந்து மிச்சமிருக்கிறது. சின்னவனுக்கு விடலாமா?
(தலவாக்கலை)

வேண்டாம். போத்தல் நுனி இமையில் பட்டிருந்தால் மருந்தோடு கிருமியும் போகும். திறந்து 28 நாளானால் அநேகமான சொட்டு மருந்துகளை வீச வேண்டியதுதான். அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் சில கண்நோய்களில் பார்வைக்கே ஆபத்து.

பிறந்து நாலு நாளான குழந்தையின் கண்ணில் சீழ். தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்கிறார் மாமியார்.
(பண்டாரவளை)

மாமியார் சொல்வது நல்லெண்ணம்தான், ஆனால் இதில் கேட்காதீர்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிறப்பின்போது தாயிடமிருந்து கொனோரியா என்ற பாலியல் நோயின் கிருமி தொற்றியிருந்தால், சில நாட்களிலேயே கருவிழியில் ஓட்டை விழலாம். 1880களில் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் கிரேடே என்ற மருத்துவர், பிறந்ததுமே ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்த்தார். நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்நோய்க்காரரைப் பார்த்தாலே ஒட்டுமா?

ஒட்டாது. நோய்க்காரர் போடும் கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்குத்தான்.

கொழுந்து பறிக்கும்போது குச்சி குத்தி ஒரு கண் மட்டும் சிவந்திருக்கிறது. இதுவும் அந்த நோயா?
(ஹட்டன்)

இல்லை, இது வேறு கதை. வலி, கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இதில் ஒன்று இருந்தாலும் அங்கே புண் விழுந்திருக்கலாம். கடைச் சொட்டு எதையும் விடாமல், அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போனாலும் போகட்டும்.