லுவாங் பிரபாங் போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

லாவோஸ் நாட்டின் வடக்கே இருக்கும் லுவாங் பிரபாங் மாகாணத்துக்கு நான்கு முறை போய் வந்திருக்கிறேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் முதல் முறை தறிகளைப் பார்க்கத்தான் போனேன். கோயில்களும் ஆறுகளும் அடுத்தடுத்து இழுத்துக்கொண்டு போயின. அங்கே போகத் திட்டமிடும் சிலர் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

கேள்வி (கோவை, வங்கி ஊழியர்): அக்கா, வியட்நாம், கம்போடியாவுடன் சேர்த்து இந்த ஊருக்கு ஒன்றரை நாள் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?

போதாது தம்பி. மீகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடுமிடத்தில் நாக்கு நீட்டியதுபோல் கிடக்கும் சின்ன ஊர் அது. நடுவீதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். அதனாலேயே பயண நிறுவனங்கள் ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்கின்றன. குறைந்தது நான்கு இரவுகள் தங்குங்கள். கோயில்களுக்கு இரண்டு நாள், அருவிக்கு ஒரு நாள், கைவினைக் கிராமங்களுக்கு ஒரு நாள். கம்போடியாவில் ஒரு நாளைக் குறைத்தாவது இதைச் செய்யலாம் என்பது என் கருத்து.

கேள்வி (மதுரை, ஆசிரியை): முப்பதுக்கு மேல் கோயில்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்றாவது கோயிலுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோல் தெரியும் என்று பயமாக இருக்கிறது. எவற்றைப் பார்ப்பது?

உங்கள் பயம் நியாயமானது. மூன்றே மூன்று பாருங்கள், நின்று பாருங்கள்.

முதலில் வாட் சியெங் தோங் ('வாட்' என்றால் கோயில்). செத்தாதிராத் மன்னர் 1560ஐ ஒட்டிக் கட்டியது. 1887இல் வடக்கிலிருந்து வந்த கொள்ளைப் படை ஊரை எரித்தபோது தப்பிய கோயில் இது. கூரை அடுக்கடுக்காகச் சரிந்து தரையைத் தொட்டுவிடுவதுபோல் தாழ்ந்திருக்கும். குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்ட தாய்க்கோழி என் நினைவுக்கு வந்தது. முன்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்சுவரில் சிவப்புப் பின்னணியில் கண்ணாடிச் சில்லுகளால் ஆன பெரிய மரம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு சந்நிதியின் வெளிச்சுவர் முழுக்கக் கிராம வாழ்க்கை: ஏர் ஓட்டுகிறவர்கள், படகில் போகிறவர்கள், யானைகள். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டையொட்டி 1957இல் பதித்தவை. மாலை நாலு மணி வெயில் அதன்மேல் விழும்போது போங்கள். அதே வளாகத்தில் அரசரின் இறுதி ஊர்வலத் தேர் நிற்கும் கூடத்தில், பொன் பூசிய கதவுப் பலகைகளில் ராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. லாவோஸ் மக்களின் ராமாயணத்துக்குப் பெயர் 'பிர லாக் பிர லாம்'. அதில் தம்பியின் பெயர் முன்னால் வருகிறது.

அடுத்து வாட் மாய். அதன் முகப்பில் வெஸ்ஸந்தர ஜாதகம் என்னும் புத்தரின் முற்பிறப்புக் கதை பொன்னிறப் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக் கடைசியில் பிள்ளைகளையும் கொடுத்துவிட்ட இளவரசனின் கதை அது. கதையைப் படித்துவிட்டுப் போனால் சிற்பம் பேசும்.

மூன்றாவது வாட் விசுன். அதன் முன்னால் நிற்கும் அரைக்கோளத் தூபியை ஊரார் தர்ப்பூசணித் தூபி என்கிறார்கள். பார்த்தவுடன் காரணம் புரியும்.

ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள். கோயில் வளாகத்தின் முக்கியக் கட்டடத்தை அங்கே 'சிம்' என்கிறார்கள். எல்லை என்னும் பொருளுள்ள 'சீமா' என்ற பாலிச் சொல்லின் திரிபு. நம் 'சீமை'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். துறவிகளுக்கான சடங்குகள் நடக்க எல்லைக்கல் நட்டுப் புனிதமாக்கிய இடம் என்பதால் அந்தப் பெயர்.

கேள்வி (சென்னை, புகைப்படக் கலைஞர்): அதிகாலையில் துறவிகள் பிச்சையேற்கும் நிகழ்ச்சியை எங்கிருந்து எடுத்தால் நல்ல படம் கிடைக்கும்?

முதலில் அது நிகழ்ச்சி இல்லை. தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள். 'தாக் பாத்' என்பது அந்தத் துறவிகளின் அன்றைய உணவு, அந்த ஊர்ப் பெண்களின் அன்றைய வழிபாடு. விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு மழையானாலும் குளிரானாலும் நடக்கிறது. பார்க்க ஒருவரும் வராவிட்டாலும் நடக்கும்.

என் முதல் பயணத்தில் நடுவீதியில் நின்றேன். ஒருவர் ஃபிளாஷ் போட்டபடி, வரிசையில் கடைசியாக வந்த பத்து வயதுச் சாமணேரரின் (இளந்துறவியின்) முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் கேமராவை நீட்டினார். அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்துச் சந்துகளுக்குப் போங்கள். அங்கே ஒரு பாட்டி வாசலில் பாய் விரித்து, தோளில் குறுக்காகத் துண்டு போட்டு, மூங்கில் கூடையில் சூடான ஒட்டரிசிச் சோற்றோடு காத்திருப்பார். வீதிக்கு எதிர்ப்புறம் நில்லுங்கள். பேசாதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். துறவிகள் வரும் பாதையைக் குறுக்கே கடக்காதீர்கள். இருந்த இடத்திலிருந்தே எடுக்க முடிந்தால் எடுங்கள்.

நீங்களே சோறு இட விரும்பினால், தெருவில் கையைப் பிடித்து இழுத்து விற்கிறவர்களிடம் வாங்காமல், தங்கும் விடுதியில் முதல் நாளே சொல்லிப் புதிதாகச் சமைத்த சோறு கேளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ உட்காருங்கள். பெண்கள் துறவியைத் தொடக் கூடாது. ஒரு சிறு உருண்டை போதும். வரிசையின் முடிவில் ஏழைக் குழந்தைகள் கூடையோடு உட்கார்ந்திருந்தால், துறவிகள் தங்களுக்கு வந்ததிலிருந்து அவர்களுக்கு எடுத்துப் போடுவதையும் பார்ப்பீர்கள். அந்தக் கணத்தில் நான் கேமராவை எடுத்ததே இல்லை.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வு பெற்றவர்): அம்மா, நானும் மனைவியும் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

வேண்டாம் ஐயா. ஆனால் கவனம் தேவை. இறைச்சி இல்லை என்று சொன்ன உணவிலும் 'நாம்பா' என்னும் மீன்சாறோ, 'பாடேக்' என்னும் நொதித்த மீன் விழுதோ சேர்ந்திருக்கும். பப்பாளிக்காய்ச் சாலட்டில் பெரும்பாலும் பாடேக் உண்டு. 'கின் ஜே' என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். அதோடு 'போ சை நாம்பா, போ சை பாடேக்' என்றும் சொல்லிவிடுங்கள். அவற்றைச் சேர்க்காதீர்கள் என்று அர்த்தம்.

ஆற்றுப் பாசியை எள், பூண்டு, தக்காளி தூவி வெயிலில் காயவைத்து நம் அப்பளம்போல் பொரித்துத் தருவார்கள். 'கைபேன்' என்று பெயர். தாராளமாகச் சாப்பிடலாம். கூடவே வரும் மிளகாய்த் துவையலை மட்டும் தொடாதீர்கள். 'ஜேவ் போங்' எனப்படும் அதில் எருமைத் தோல் சேர்ப்பது வழக்கம். ஒட்டரிசிச் சோறும், பழங்களும், காய் வதக்கலும் எங்கும் கிடைக்கும். ஒரு பாட்டில் ஊறுகாய் கொண்டு போங்கள், ஒட்டரிசிக்கு அது அருமையான துணை.

கேள்வி (காஞ்சிபுரம், பட்டு வியாபாரம் செய்யும் பெண்): அக்கா, அங்கே உண்மையான கைத்தறி எங்கே கிடைக்கும்? ஏமாறாமல் வாங்குவது எப்படி?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

நாம் கான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பான் சாங் கோங் கிராமத்துக்குப் போங்கள். மழை இல்லாத மாதங்களில் ஆற்றின்மேல் மூங்கில் பாலம் கட்டுவார்கள். வெள்ளம் வரும் முன் பிரித்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி கட்டுவார்கள். சின்னக் கட்டணம் கொடுத்துக் கடந்து, அங்கிருந்து சைக்கிளில் போகலாம். வீடுகளின் திண்ணையிலேயே தறி இருக்கும். பான் பனோம் என்ற இன்னொரு கிராமம் ஒரு காலத்தில் அரண்மனைக்குத் துணி நெய்தது. தை லூ இனத்தவர் ஊர்.

அவர்கள் உடுத்தும் 'சின்' பாவாடையைப் பாருங்கள். நம் புடவையில் உடல், முந்தி, கரை என்று பிரிப்பதுபோல் அவர்கள் தலை, உடல், பாதம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பாதம் என்னும் கீழ்க்கரையில்தான் செறிவான வேலைப்பாடு பெரும்பாலும். துணியின் ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) இடையே கூடுதல் ஊடை கோத்துப் பூவும் நாகமும் எழுப்புகிறார்கள். மீகாங் ஆற்றுக்குள் நாகங்கள் வாழ்ந்து ஊரைக் காக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் கோயில் படிக்கட்டில் இருக்கும் நாகம் துணியிலும் இருக்கிறது. என்னை உட்கார வைத்தது வேறொன்று. ஒரு வடிவத்தை நெய்யத் தேவையான வரிசையை, தறியின் பின்னால் தொங்கும் நூல் விழுதுகளில் குறுக்குக் குச்சிகளாகச் சேமித்து வைக்கிறார்கள். வடிவம் தாளில் இல்லை, நூலிலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் அடை கட்டி (வடிவத்தைத் தறி நூல்களில் கட்டிவைக்கும் பழைய முறையில்) நெய்தவர்கள் பார்த்தால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் உணர்வார்கள்.

சாயம்: நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு அரக்கு, மஞ்சளுக்குப் பலாமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை. அரக்குச் சிவப்பு ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் மாறும். இரண்டு துண்டுகள் துல்லியமாக ஒரே நிறத்தில் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இரவுச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 'பட்டு'களில் பல, இயந்திரத்தில் நெய்து வெளியிலிருந்து வந்தவை. துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததானால் பின்பக்கம் வெளிறியிருக்கும். கையால் கோத்ததானால் பின்பக்கம் நூல் தாவியிருப்பது தெரியும். ஓரத்து நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகிய வாடையோடு பொடியாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரவுச் சந்தையில் ஹமாங் என்னும் மலையினப் பெண்கள் தாங்களே வெட்டித் தைத்த துணி வேலைகள் நல்லவை. அவற்றை அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள். ஒரு துண்டுக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

அதே சாங் கோங்கில் காகிதமும் செய்கிறார்கள். 'சா' என்னும் காகித மல்பெரி மரத்தின் பட்டையை அவித்து, அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் மிதக்கும் சட்டத்தில் பரப்பி, பூவும் இலையும் ஒட்டி வெயிலில் நிறுத்துவார்கள். தெரு முழுக்கச் சட்டங்கள் சாய்ந்து நிற்பதைப் பார்ப்பதே ஓர் இன்பம்.

கேள்வி (சேலம், குடும்பத் தலைவி): குவாங் சி அருவியில் குழந்தைகள் குளிக்கலாமா? மாமியாருக்கு முழங்கால் வலி.

குளிக்கலாம். அனுமதித்த குளங்களில் மட்டும். ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் என்பதால் வெளிர் நீலமாக இருக்கும். கனமழைக் காலத்தில் கலங்கிவிடும். கீழ்க்குளங்கள் வரை மாமியார் மெல்ல நடக்கலாம், உச்சிக்கு ஏற வேண்டாம். வாசலருகே, பித்தநீருக்காகக் கூண்டில் அடைபட்டிருந்து மீட்கப்பட்ட கரடிகளின் காப்பகம் இருக்கிறது. குழந்தைகளை அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். காலை திறந்தவுடன் போய்விடுங்கள், பதினொரு மணிக்குமேல் வேன்கள் வரிசையாக வந்துவிடும்.

கேள்வி (புதுச்சேரி, கல்லூரி மாணவர்): எந்த மாதம் நல்லது அக்கா?

நவம்பர் முதல் ஜனவரி வரை. விடியலில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மலைச்சரிவுகளில் காட்டை எரித்து விளைநிலம் ஆக்குவதால் புகை மூடும். மலை தெரியாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஏப்ரல் நடுவில் அவர்களின் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். ஊருக்குப் பெயர் தந்த பிரபாங் புத்தர் சிலையை அரண்மனை வளாகத்திலிருந்து வாட் மாய் கோயிலுக்கு எடுத்துவந்து ஊரார் நீராட்டுவார்கள். இரண்டு முறை சயாமியர் (இன்றைய தாய்லாந்துக்காரர்கள்) எடுத்துப்போய், 1867இல் கடைசியாகத் திரும்பி வந்த சிலை அது. புகையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதற்காக ஏப்ரலில் போகலாம். அக்டோபர்ப் பௌர்ணமியில் மழைக்கால விரதம் முடியும்போது ஒளிப்படகுகளை மீகாங்கில் விடுவதும் காணவேண்டியது.

கேள்வி (பெங்களூரு, மென்பொருள் பொறியாளர்): தலைநகர் வியந்தியானிலிருந்து ரயிலா, விமானமா? பாக் ஊ குகைகளுக்குப் படகில் போவது தகுமா?

ரயில். 2021 டிசம்பரில் திறந்த பாதை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, வேனில் வரவேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது. கத்தியையும் ஸ்பிரே டப்பாவையும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பான் ஹாட் ஹியென் கொல்லர் கிராமத்தில் ஆசையாக வாங்கிய காய் நறுக்கும் கத்தியை நான் அப்படித்தான் இழந்தேன்.

பாக் ஊவில், நாம் ஊ ஆறு மீகாங்கில் கலக்கும் இடத்தின் எதிரே, குகை முழுக்க ஆயிரக்கணக்கான புத்தர் சிலைகள். உடைந்தவை, மூக்குத் தேய்ந்தவை, பூச்சு உதிர்ந்தவை என்று வீட்டில் வைக்க முடியாதவற்றையும் பக்தர்கள் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சிலைகளின் அழகுக்காகப் போனால் ஏமாறுவீர்கள். இரண்டு மணி நேரம் எதிர்நீரோட்டத்தில் மீகாங்கைப் பார்த்துக்கொண்டு போக விருப்பமிருந்தால் போங்கள். மேல்குகை இருட்டு, டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே பொறியாளர்): கூடுதலாக இரண்டு நாள் கிடைத்தால்?

நோங் கியாவ். வடக்கே, நாம் ஊ ஆற்றங்கரையில், சுண்ணாம்பு மலைகள் இருபுறமும் செங்குத்தாக நிற்கும் சிற்றூர். பக்கத்தில் பா தோக் குகை இருக்கிறது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ்மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு பொழிந்தபோது ஊரார் ஒளிந்து வாழ்ந்த குகை. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. மலையேறும்போது தேய்ந்த பாதையைவிட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள், மண்ணில் தெரியும் உலோகம் எதையும் தொடாதீர்கள். காட்சி முனைக்கு விடியலுக்கு முன் ஏறத் தொடங்குங்கள். மூடுபனி கீழே ஆற்றை மறைத்திருக்கும், எட்டு மணிக்குமேல் மெல்ல விலகும். அதுவரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.