ராஜினாமாக் கடிதம் எழுதமுன் ஐஸ்லாந்தைப் பாருங்கள்

பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகளுக்கு 27 வயது. கடற்றொழில் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, அரச ஆய்வு நிறுவனமொன்றில் ஆராய்ச்சி உத்தியோகத்தராக வேலை செய்கிறாள். லண்டனில் இருக்கும் சித்தப்பா வாராவாரம் தொலைபேசியில் ஒரே கதைதான்: "அந்த மீன் வேலையை விட்டுட்டு இங்க வந்து ஒரு எம்பிஏ செய்யட்டும்." காணியை ஈடு வைப்பது பற்றியும் பேச்சு நடக்கிறது. மகளுக்கோ கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, அதில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போடும் வேலைதான் பிடிக்கும். "அவளின்ர வாழ்க்கையை நாங்களே கெடுக்கிறமோ?" என்று கேட்டுத் தாய் அழுதார்.

கெடுக்கவில்லை, அம்மா, இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் ஆறுதல் அவ்வளவுதான். அந்த எம்பிஏ இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு வருட முதுகலைப் படிப்பின் கட்டணம் பெரும்பாலும் 15,000 பவுணுக்கு மேல். மருத்துவச் சேவைக்கென்று விசாவோடு வருடத்துக்கு 776 பவுண் தனியாகக் கட்டவேண்டும். லண்டன் வாடகையும் சாப்பாடும் இதில் சேரவில்லை. காணி போகும், அவள் மூன்று வருடமாகச் சேர்த்த துறை அனுபவமும் போகும். கையில் வருவது அவள் கேட்காத ஒரு பட்டம். சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் கடனைக் கட்டப்போவது அவர் இல்லை.

அவளுடைய வேலையே திறந்துவிடக்கூடிய ஒரு கதவு இருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

ஐஸ்லாந்து அரசின் நிதியில், யுனெஸ்கோவின் ஆதரவில் 'க்ரோ' என்ற மையம் இயங்குகிறது. அதன் கீழ் வரும் கடற்றொழில் பயிற்சித் திட்டம் 1998இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கி, 2020இல் யுனெஸ்கோவின் பக்கம் மாறியது. வளர்முக நாடுகளில் ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை செய்பவர்களை ஆறு மாதம் அழைத்துப் பயிற்றுவிக்கிறார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், பயிற்சி, மாதச் செலவுப்பணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. திட்டத்தை நடத்துவது ரெய்க்யவிக்கை ஒட்டியுள்ள ஹாஃப்னார்ஃபியோர்துர் துறைமுகத்தில் இருக்கும் அந்நாட்டின் கடல், நன்னீர் ஆய்வு நிறுவனம்.

முதலில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு சிறப்புத் துறைக்குப் போகிறார்கள்: மீன் இருப்பு மதிப்பீடு, மீன் வளர்ப்பு, பதப்படுத்தலும் தரமும், முகாமைத்துவமும் கொள்கையும் என்று. கடைசி மூன்று மாதமளவு தனி ஆய்வு. அந்த ஆய்வுக்குத் தன் நாட்டுப் பிரச்சினையைத்தான் எடுத்துப் போகவேண்டும், தன் நாட்டுத் தரவைத்தான் கொண்டுபோகவேண்டும். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான். பாக்கு நீரிணையின் நண்டையோ கடலட்டையையோ பற்றிய தரவு உங்கள் மகளின் கணினியில் இருக்கிறது. அதைச் சரியாக அலசக் கற்றுத்தர, வாழ்நாள் முழுக்க அதையே செய்த ஒருவர் பக்கத்தில் உட்காருவார். எந்த எம்பிஏ இதைக் கொடுக்கும்?

ஏன் ஐஸ்லாந்து? சுமார் நாலு லட்சம் சனமுள்ள, மீனை நம்பி எழும்பிய தீவு அது. தன் கடலுக்காகப் பிரித்தானியாவோடு மூன்று தடவை மோதியது, 1975இல் 200 கடல் மைல் மீன்பிடி எல்லையை அறிவித்தது. அதைவிடப் பெரிய விஷயம், கடலை மீட்டபிறகு தன் ஆட்களின் கையையும் கட்டியது. 2007இல் கோட் மீன் இருப்பு குறைகிறது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்க, ஒரு வருடத்துக்குப் பிடிக்கலாம் என்றிருந்த 193,000 தொன்னை அரசு ஒரேயடியாக 130,000 தொன்னாகக் குறைத்தது. மீனவக் கிராமங்களுக்கு அது பெரிய அடி. ஆனால் இருப்பு பிறகு தேறி வந்தது. மீனை எண்ணுகிற ஒருவரின் சொல்லை ஒரு நாடு கேட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் மகள் நேரில் பார்த்துப் படிக்கவேண்டிய இடம் அது. இலங்கைக்கு இது புதிய உறவும் இல்லை. நமது தேசிய நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவிலிருந்து முன்பே ஆய்வாளர்கள் போய்ப் படித்து வந்திருக்கிறார்கள்.

இனி, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தனிப்பட்ட முறையில் விண்ணப்பம் போட்டு இதற்குப் போகமுடியாது. வேலை செய்யும் நிறுவனம் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், நேர்முகமும் உண்டு. ஒவ்வொரு தடவையும் உலகம் முழுவதிலுமிருந்து எடுப்பது இருபது முப்பது பேரைத்தான். லண்டனுக்காக இன்று வேலையை விட்டால் இந்தக் கதவும் அன்றைக்கே மூடிவிடும்.

முகவர் யாராவது "ஐஸ்லாந்து ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தாறன்" என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதில் முகவருக்கு வேலையே இல்லை. அங்கே போய் அப்படியே நின்றுவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். போனவர் திரும்பி வந்து தன் நிறுவனத்தில் வேலை செய்யவேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு செலவும் செய்கிறார்கள். திரும்பி வந்தவர்களில் சிலருக்குப் பின்னர் அங்கேயே முதுகலை, கலாநிதிப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள். முதுகலைப் பட்டம் வேண்டும் என்றால் கடனில்லாமல் அதை எட்டும் வழி இது.

"குளிரில தனியப் பொம்பிளைப் பிள்ளை" என்றார் தகப்பன். ஐயா, ரெய்க்யவிக்கின் ஜனவரிச் சராசரி பூச்சியத்தைச் சுற்றித்தான், உங்கள் சொந்தக்காரர் இருக்கும் டொரன்டோ அதைவிடக் குளிர். வீடுகளில் பத்துக்கு ஒன்பது நிலத்தடி வெந்நீரால் சூடாகின்றன. உலக அமைதிச் சுட்டெண்ணில் 2008 முதல் அந்த நாடுதான் முதலிடம். டிசம்பரில் பகல் வெளிச்சம் நாலு மணித்தியாலம்தான் என்பது உண்மை. அது சிலருக்கு மனதைச் சோர்வாக்கும், அதற்கு அவள் தயாராகத்தான் போகவேண்டும். ஆனால் 27 வயதில் படகேறி மீன் அளக்கிற பிள்ளை அவள். இந்த முடிவை அவளிடம் விடுங்கள்.

மகள் செய்யவேண்டியது இது. முன்பு போனவர்களின் ஆய்வறிக்கைகள் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கையர் எழுதியவற்றை முதலில் வாசிக்கட்டும். தன் தரவில் எந்தக் கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறது என்று இரண்டு பக்கத்தில் எழுதட்டும். அதை எடுத்துக்கொண்டு தன் பிரிவுத் தலைவரிடம் போய், அடுத்த பரிந்துரை எப்போது, அதற்குத் தன் பெயரைப் போடமுடியுமா என்று நேராகக் கேட்கட்டும். இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் கேட்கலாம், சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கும். காணி உறுதியை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள்.