சட்டியில் தக்காளி நாற்று கொத்தாக முளைத்துவிட்டது, பிடுங்க மனம் வரவில்லை. அப்படியே விடலாமா?

விதையைத் தூவினீர்கள், எல்லாம் முளைத்துவிட்டது, ஒன்றைக்கூடக் கொல்ல மனமில்லை, அப்படியே விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை வளர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சமையலுக்கு வாங்கிய பழத்தைப் பிழிந்து போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டியிருப்பீர்கள். ஒரு கிராமிலேயே ஏறக்குறைய 300 தக்காளி விதை இருக்கும்.

அப்படியே விட்டால் எல்லாமே போய்விடும். எனக்குப் போனது. அந்த வலியில்தான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில். குசினிக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரம் ஒரு தக்காளி தானாக முளைத்துக் கிடக்கும். யாரும் நட்டதில்லை. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பழம், பல் கூசுகிற புளிப்பு, ரசத்துக்கு நாலு போதும். தோட்டம் கைமாறி எங்களைக் காலி பண்ணச் சொன்னபோது, கடைசியாகப் பறித்த பழங்களின் விதையை அம்மா நாள்காட்டித் தாளில் அப்பிக் காயவைத்து மடித்து எடுத்துவந்தார். வந்து சேர்ந்தது மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாம் மாடி.

அந்தத் தாளை நான் பிரித்தது நான்கு வருடம் கழித்து. 20 லிட்டர் சாய வாளியின் அடியில் துளை போட்டு மண் நிரப்பினேன். பழைய விதை, எது முளைக்கும் எது முளைக்காது என்ற பயத்தில் தாளில் கண்ட எல்லாவற்றையும் அந்த ஒரே வாளியில் பதித்தேன். ஆறாம் நாள் பச்சை தெரிந்தது. எட்டாம் நாள் எண்ணிப் பார்த்தேன், 43.

அம்மா வந்து பார்த்தார். "ரெண்டு மூணு வச்சிக்கிட்டு மத்தத எடுத்துரு" என்றார்.

அம்மா சும்மா சொல்லவில்லை. 19 வருடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) நர்சரியில் வேலை பார்த்தவர். அங்கே கறுப்புப் பைக்கு ஒரு விதைதான். ஒரு கொட்டையில் இரண்டு முளை வந்தால் ஒன்றைத்தான் விடுவார்கள். மூன்று மாதத்தில் பெரிய பைக்கு மாற்றும்போது ஒரு கழிப்பு, நிலத்துக்குப் போவதற்கு முன் இன்னொரு கழிப்பு. புல் மாதிரி ஒல்லி இலை, சுருண்ட இலை, முறுக்கிய குருத்து எல்லாம் போகும். மொத்தத்தில் நூற்றுக்கு இருபது முப்பது கன்று கழிவாகும். நெட்டையாக விறைத்து நிற்கிற கன்றும் கழிவுதான். பார்க்கச் செழிப்பாக இருக்கும், பின்னால் குலை சரியாகத் தள்ளாது. 25 வருடம் நிலத்தில் நிற்கப்போகிற மரம், அதனால் அந்தக் கண்டிப்பு.

அம்மா சொன்னதை நான் கேட்கவில்லை. "இது நம்ம லயத்து விதைம்மா, எப்படி எடுக்கறது?" என்றேன். அம்மா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் தண்டெல்லாம் நூலாக நீண்டு, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்து நின்றன. இலைமேல் இலை மூடி, அடியில் மண் காயவே இல்லை. அக்டோபர் மாதம், தினமும் சாயங்காலம் மழை. பதினாலாம் நாள் காலையில் ஒரு மூலையில் நாலு நாற்று படுத்துக் கிடந்தது. கிட்டே குனிந்து பார்த்தேன். மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாக, இரண்டு விரலால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருந்தது. மேலே இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. நாலாம் நாள் வாளியில் ஒன்றும் இல்லை.

நாற்றழுகல் என்பார்கள். மண்ணில் இருக்கிற பூஞ்சணத்தால் வருவது. ஈரமும் நெருக்கமும் காற்று நுழையாத நிழலும் சேர்ந்தால் ஓடிப் பரவும். மண் சரியில்லை, தண்ணீர் அதிகம், அதுதான் காரணம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் நாற்றைக் கலைத்து, சிலதை எடுத்து இடைவெளி விட்டிருந்தால், அந்த மண் காய்ந்திருக்கும்.

அழுதேன். அப்போதுதான் அம்மா அலமாரியிலிருந்து இன்னொரு துண்டுத் தாளை எடுத்துக் கொடுத்தார். நான் விதைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியாமல் கிழித்து வைத்திருக்கிறார். "நர்சரியில எல்லாத்தையும் ஒரே நாள்ல போடமாட்டோம்" என்றார்.

இரண்டாம் முறை அம்மா கையைப் பார்த்துச் செய்தேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் வருகிற நீளமான இரண்டு இலை வித்திலை, அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு மேலே பல் பல்லாக, தக்காளி வாசத்தோடு உண்மையான இலை விரியும். அப்போது கலையுங்கள். பிடுங்காதீர்கள். வேர் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், ஒன்றை இழுத்தால் பக்கத்துச் செடியின் வேரும் அறும். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்குங்கள், அடிவேர் அங்கேயே மக்கிப்போகும். உயரமானதை வைத்துக்கொள்ளத்தான் கை போகும். உயரம் வெளிச்சத்துக்கு ஏங்கி வந்தது. குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக இருப்பதை விடுங்கள். பெரிய வாளியானால் முதலில் மூன்று, ஒரு வாரம் கழித்து அதில் நல்லது ஒன்று. 20 லிட்டர் வாளிக்கு ஒரு செடிதான்.

எடுத்து வேறு சட்டியில் நடலாமே என்று கேட்டால், நடலாம், தப்பில்லை. மண்ணை நன்றாக நனைத்து, கரண்டிக் காம்பால் அடியிலிருந்து நெம்பி, இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும், அதற்கு மறுதண்டு வராது. வித்திலை வரைக்கும் ஆழமாக நடுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். ஆனால் 40 நாற்றுக்கு 40 சட்டி வைக்க உங்களிடம் இடம் இருக்கிறதா?

இடம் என்றதும் மனம் எங்கோ போகிறது. லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, கொஞ்சம் வெண்டை இருக்கும். எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஜனங்கள் தெருவில் நிற்கக்கூடாது என்றுதான் 1960இல் தொழிலாளிகளிடம் பணம் சேர்த்து தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் தோட்டம் பிறகு வேறு கைக்குப் போனது. போன வருடம் அடுக்குமாடி நிர்வாகம் நடைபாதையில் சட்டி வைக்கக்கூடாது என்று கதவில் கடிதம் ஒட்டியது. தீ பிடித்தால் ஓட வழி வேண்டும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் ஆயிரமாயிரம் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிய கைக்கு ஒரு வாளி வைக்க இடமில்லை என்றால் எப்படித் தாங்குவது? இப்போது மூன்று வாளியும் துணி காயப்போடும் பலகணியில் இருக்கின்றன.

பாவம் என்று நினைத்தால் நறுக்கியதை எண்ணாதீர்கள். விட்டதை மட்டும் பாருங்கள். உங்கள் விதை குளிரான கேமரன் மலையில் விளைகிற பெரிய தக்காளியுடையது என்றால் கொஞ்சம் அதிகமாகவே கழியுங்கள். நம் சமவெளியில் இரவுச் சூட்டுக்கு அது பூவைக் கொட்டும், ஒன்றிரண்டை நன்றாகக் கவனித்தால்தான் ஏதாவது நிற்கும். சின்னப் பழ வகை தாங்கும்.

காலையில் நறுக்குங்கள். அன்று சாயங்காலம் தண்ணீர் வேண்டாம், மழைச் சாரல் படாமல் தள்ளி வையுங்கள். மறுநாள் விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஓரமாக ஊற்றுங்கள்.