மூணு தடவை மூடி வச்ச நாவல்

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): அக்கா, போன ரெண்டு மூணு இதழா புத்தகம் பத்தி ஒரு வார்த்தை எழுதல நீங்க. படிக்கிறதையே விட்டுட்டீங்களா? இந்த நாலஞ்சு மாசத்துல என்ன நாவல் படிச்சீங்க, எது மனசுல நின்னுச்சு? உள்ளதைச் சொல்லுங்க.

பதில்: விடலம்மா. நாலு நாவல் முடிச்சிருக்கேன், நாலுமே பழசு, அதான் எழுதக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு, எல்லாரும் எப்பவோ படிச்சு முடிச்சதை நான் இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதினா சிரிக்க மாட்டாங்களா. அசோகமித்திரனோட 'தண்ணீர்', செல்லப்பாவோட 'வாடிவாசல்', பூமணியோட 'வெக்கை', ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி'. மூணு ஒல்லி, ஒண்ணு குண்டு.

அந்த குண்டு, அதாவது 'புயலிலே ஒரு தோணி'தான் என்னை ஆட்டி வச்சது. காலேஜ் படிக்கும்போது லைப்ரரியில எடுத்தேன், முதல் பக்கத்துலயே கெர்க் ஸ்ட்ராட்னு டச்சுக்காரன் வச்ச தெருப் பேரு, அப்புறம் மொஸ்கி ஸ்ட்ராட், நடுநடுவுல மலாய் வார்த்தை, யார் பேசுறாங்கன்னே தெரியாத பேச்சு, முப்பது பக்கத்துல மூடிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் சொந்தமா ஒண்ணு வாங்கினேன், அதுவும் அறுபது பக்கத்தோட சரி. அந்தப் பிரதியைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் 'ஒரே வாரம்'னு வாங்கிட்டுப் போனாங்க, எந்த வருஷத்து ஒரு வாரம்னு தெரியல, இன்னும் வந்து சேரல. மூணாவது தடவை போன வருஷம், அப்பவும் பாதி தாண்டல.

இந்தத் தடவை என்ன ஆச்சுன்னா, சித்திரை மாசம் காரைக்குடியில அம்மா வீட்டுல இருந்தேன், மத்தியானம் கரண்ட் போயிடுச்சு, பக்கத்து வீட்டு ஆச்சி முகப்புத் திண்ணையில விசிறியோட உக்காந்திருந்தாங்க. எண்பதைத் தாண்டினவங்க. "என்னத்த அப்படி முறைச்சுப் பாத்துப் படிக்கிற, சத்தமாத்தான் படியேன்"னாங்க. படிச்சேன். வட்டிக்கடையைப் பத்தின இடம், 'பெட்டியடிப் பையன்'னு ஒரு வார்த்தை வந்ததும் ஆச்சி விசிறியை நிறுத்திட்டாங்க.

"எங்க அப்பச்சி அப்படித்தான் பினாங்குக்குப் போனாக"ன்னு (அவங்க வீட்டுல அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஆரம்பிச்சவங்க ஒரு மணி நேரம் நிறுத்தல. பெட்டியடிப் பையன்னா கடையில கடைசி ஆளு, கூட்டணும், தண்ணி தூக்கணும், எடுபிடி வேலை எல்லாம் பாக்கணும், ராத்திரி கணக்கு எழுதப் படிக்கணும், அப்படியே அடுத்தாளா ஆகி அப்புறம் மேலாளா வரணும். மூணு வருஷம் கணக்கு முடிஞ்சாத்தான் ஊருக்கு வரலாம். "நான் பொறந்ததை அப்பச்சி கடுதாசியில படிச்சாக, என்னை நேர்ல பாக்கும்போது எனக்கு ரெண்டரை வயசு, யாரோ ஆளுன்னு அலறி இருக்கேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க. நான் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். மூணு தடவையும் என்னைத் துரத்தி விட்ட வார்த்தைங்க எல்லாம் பக்கத்து வீட்டுலயே இருந்திருக்கு!

அதுக்கப்புறம் நாலே நாள். ரெண்டாம் உலகப் போர் நடக்குது, ஜப்பான்காரன் இந்தோனேசியாவுல சுமத்ரா தீவுல இருக்குற மெடானுக்குள்ள வர்றான், கொள்ளையடிச்சவங்க தலையை வெட்டித் தெருவுல ஊர் பாக்க வைக்கிறான், பாண்டியன்னு நம்ம பக்கத்துப் பையன் நேதாஜியோட படையில சேருறான். கதை இதுதான்னு சொன்னா ஏதோ சண்டைக் கதைன்னு நினைப்பீங்க. எனக்கு நின்னது வேற ரெண்டு இடம். ஒண்ணு, தொங்கான்ங்கிற பாய்மரக் கப்பல்ல ஏறி சுமத்ராவுல இருந்து பினாங்குக்குப் போகும்போது வர்ற புயல், அங்க வாக்கியமே உடைஞ்சு உடைஞ்சு அலை மாதிரி அடிக்கும், வாய்விட்டுப் படிச்சாத்தான் தெரியும். இன்னொண்ணு, குடிச்சிட்டு நாலு பேர் உக்காந்து தமிழ்ப் பெருமையைக் கிழி கிழின்னு கிழிக்கிற இடம். நான் சத்தமா சிரிச்சதுல அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், அவரே 1938ல பதினெட்டு வயசுல மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். திரும்பி வந்து மதுரையில தினத்தந்தியில வேலை பாத்தாரு, ஒய்.எம்.சி.ஏ. ரூம்லயே தனியாளா காலத்தை ஓட்டினாரு. மொத்தமே ரெண்டு நாவல். இது அச்சாகி வந்தது 1972ல. 1997ல போய்ச் சேர்ந்தாரு, அதுவரைக்கும் அவரைத் தேடிப் போய்ப் பேசினவங்க ரொம்பக் கம்மி. அதை நினைச்சா மட்டும் எனக்கு இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

கேள்வி (சென்னை வாசகர்): 'தண்ணீர்' ரொம்ப வறட்சியா இருக்குன்னு என் ஃப்ரெண்டு பாதியிலயே வச்சுட்டான். உங்களுக்கு எப்படி?

பதில்: பேரே தண்ணீர், ஆனா வறட்சியா! உங்க ஃப்ரெண்டு ஒருவகையில சரியாத்தான் சொல்லியிருக்காரு. அசோகமித்திரன் எங்கயும் குரலை உசத்த மாட்டாரு, ஜமுனான்னு சினிமா சான்ஸை நம்பி ஏமாந்த ஒரு பொண்ணு, அவ தங்கச்சி சாயா, ஒரு தெரு, அந்தத் தெருவுல தண்ணி இல்ல, அவ்வளவுதான். 1973ல புத்தகமா வந்தது. நான் படிச்சது எங்கேன்னு கேளுங்க, எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல, லாரிக்காக. போர்வெல்ல தண்ணி இறங்கிடுச்சு, வாட்ஸ்அப் குரூப்ல 'லாரி வந்தாச்சு'ன்னு மெசேஜ் வரும், ஓடிப் போய் நின்னா லாரியைக் காணோம், தெருமுனை திரும்பவே முக்கால் மணி நேரம். ரெண்டு ரோஸ் கலர் குடம், இடுக்குல புத்தகம். குடத்தை வரிசையில வச்சிட்டு நாம நிழல்ல நின்னுக்கலாம், குடம் நம்ம இடத்தைப் பாத்துக்கும், ஆனா எவராவது காலால லேசா நகத்திடறாங்களான்னு ஒரு கண்ணு அங்கேயே இருக்கும். அந்த ஒரு கண்ணுதான் இந்த நாவல் பூரா. 2019ல ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்ப இங்க இருந்தவங்களுக்கு இதுல ஒரு வரி கூட பழசாத் தெரியாது.

டீச்சரம்மான்னு ஒருத்தி வருவா. சாகப் பாத்த ஜமுனாவுக்கு அவ ஆறுதல் சொல்லல, அழாதேன்னும் சொல்லல. தன்னைவிட ரொம்ப மூத்த, இருமிக்கிட்டே இருக்குற புருஷனோட தான் எப்படி வாழ்ந்தேன்னு கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொல்லுவா. சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிடுவா. அந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சேன், லாரியையே கவனிக்கல, பின்னாடி இருந்தவங்க "ஏம்மா, குடத்தை எடு"ன்னு கத்தினாங்க. உங்க ஃப்ரெண்டை அது வரைக்குமாவது படிக்கச் சொல்லுங்க.

கேள்வி (கோவில்பட்டியிலிருந்து ஒரு மாணவர்): 'அசுரன்' ஆறு தடவை பாத்துட்டேன் அக்கா. இனிமே 'வெக்கை' படிக்கணுமா?

பதில்: படிக்கணும் தம்பி, அதுவும் நீங்க கோவில்பட்டி, பூமணி உங்க மண்ணு. படத்தை மறந்துட்டுப் படிங்க. இந்த நாவலை வச்சு 2019ல வந்த அந்தப் படத்துல தனுஷுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வருமே, அது நாவல்ல கிடையாது. 1982ல எழுதின நாவல் நேரா சிதம்பரத்தோட ஆரம்பிக்கும், பதினஞ்சு வயசு, அண்ணனைக் கொன்னவனோட கையை மட்டும் வெட்டணும்னு போனவன், ஆனா ஆளே போயிடுறான். அப்புறம் எட்டு நாள் அய்யாவும் மகனும் காடு, கரடுன்னு ஒளிஞ்சு திரியுறாங்க. நீங்க சண்டையை எதிர்பாத்துப் போனா ஏமாந்துருவீங்க, அதுல அதிகம் இருக்கறது சோறு. எங்க பொங்கறது, புகை வெளிய தெரியாம எப்படி, உப்பு இருக்கா. ஊரே தேடுற ஒரு கொலைகாரப் பையன் அய்யாவோட முதல் தடவையா இவ்வளவு நேரம் சேந்து உக்காந்து சாப்பிடுறான். என் பையனுக்கும் அதே வயசு, சாப்பிடும்போது போன்ல இருந்து நிமிர மாட்டான், அதனாலயோ என்னவோ எனக்கு அந்தப் பக்கங்கள்தான் தொண்டையை அடைச்சது. இன்னொண்ணும் கவனிங்க, நாவல் பூரா சாதிப் பேரையே பூமணி சொல்லல. அது பலமா, நழுவலான்னு ரொம்ப நாளா சண்டை நடக்குது. எனக்குப் பலம்தான். உங்களுக்கு வேற மாதிரி தோணினா எழுதுங்க, போடறேன்.

கேள்வி (சேலம் வாசகர்): ஒரு நாவலைப் பாதியில விட்டா பாவமா?

பதில்: மேல சொன்னதைப் படிச்சீங்கல்ல? நான் மூணு தடவை பண்ணின பாவம் அது. ஆனா புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்க.

கேள்வி (தேனி பக்கத்திலிருந்து ஒரு வாசகி): நான் 'பொன்னியின் செல்வன்' மட்டும்தான் அம்மா படிச்சிருக்கேன். தினமும் வேலைக்குப் போக வர ஒண்ணே முக்கால் மணி நேரம் பஸ். அடுத்து எதை எடுக்கலாம்?

பதில்: உங்களுக்காகவே 'வாடிவாசல்' மிச்சம் வச்சிருக்கேன். அஞ்சு பாகம் படிச்ச கைக்கு இது ஏதோ நோட்டீஸ் மாதிரி இருக்கும், போக ஒரு பஸ், வர ஒரு பஸ், முடிஞ்சிடும். 1959ல வந்தது, அதே வருஷம்தான் செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையும் ஆரம்பிச்சாரு. அவர் வத்தலக்குண்டுல வளந்தவர், அதனால உங்க காதுக்கு அந்தப் பேச்சு தானா வந்துடும், சென்னையில இருக்கிறவங்க மாதிரி முக்க வேண்டியதில்ல. ஒரே ஒரு ஜல்லிக்கட்டு. பிச்சின்னு ஒருத்தன், அவனோட அப்பனைக் குத்திக் கொன்ன காரிங்கிற காளை, அந்தக் காளையை வளக்குற ஜமீன்தார். பிச்சியும் அவன் மச்சான் மருதனும் வாடிவாசல் பக்கத்துல நின்னுக்கிட்டு, வர்ற ஒவ்வொரு மாட்டையும் பாத்துப் பேசுவாங்க, கூட ஒரு கிழவன் சேந்துக்குவான். காரி எப்ப வரும் எப்ப வரும்னு நமக்கு உள்ளங்கை வேர்க்கும். காரி வந்து நின்னதுக்கு அப்புறம் நடக்குறதை நான் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு யோசனை. காலையில பாதியிலயே நிறுத்திடுங்க, கடைசிப் பக்கங்களைத் திரும்பி வர்ற பஸ்ல வச்சுக்கோங்க. நான் காலையிலயே முடிச்சிட்டு ஆபீஸ் போனேன், அன்னிக்கு நான் போட்ட ரெண்டு பில்லும் தப்பு.