முதல் விளக்கு வெள்ளிக்கிழமை வருகிறது

கேள்வி: என் மகள் யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இந்த 2026 டிசம்பரில் அவர்களுடைய எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் நாள் பேரப்பிள்ளைகளோடு சம்பந்தி வீட்டாரும் எங்கள் வீட்டில் தங்க வருகிறார்கள். அவர்கள் கோஷர் (யூத உணவு விதிகள்) பார்ப்பவர்கள். லாட்கே (உருளைக்கிழங்கு அடை) ஒருமுறை சுட்டுப் பார்த்தேன். உதிர்ந்து, எண்ணெயைக் குடித்துவிட்டது. பிள்ளைகளோடு சேர்ந்து நம் அகல் விளக்குகளிலேயே விளக்கு வரிசை செய்யலாமா?
- ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: தாராளமாகச் செய்யலாம். கிறிஸ்து பிறப்பதற்கு 164 ஆண்டுகளுக்கு முன் மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் ஜெருசலேம் ஆலயத்தை மீட்டபோது, ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பதே இந்தப் பண்டிகையின் கதை. மெழுகுவர்த்தியைவிட ஆலிவ் எண்ணெய் விளக்கையே உசத்தியாகச் சொல்வார்கள். பூஜையில் ஏற்றிய அகல் மட்டும் வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

எட்டு அகல்களையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் முழுக்கக் காயவிட்டு, அதன்பிறகு பிள்ளைகளிடம் வர்ணம் தீட்டக் கொடுங்கள். முதலில் தீட்டிவிட்டு ஊறவைத்தால் வர்ணம் உரிந்துவரும். வெளிப்பக்கம் மட்டும் தீட்டட்டும். திரி படும் மூக்கில் வர்ணம் இருந்தால் கருகி நாறும். ஓர் அடி சதுர டைல் மூன்றை ஜன்னலோரம் வரிசையாகப் போட்டு, ஒரு திரிக்கும் அடுத்த திரிக்கும் 8 செ.மீ. இடைவெளி விட்டு அகல்களை வையுங்கள். நேர்கோடாக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சுடர்கள் ஒன்றோடொன்று சேரக்கூடாது. ஒன்பதாவது, மற்றவற்றை ஏற்றும் 'ஷமாஷ்'. எண்ணெய் அகலைத் தூக்கி ஏற்றினால் சிந்தும், அதனால் அதற்கு மட்டும் மெழுகுவர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்ததும் மணல் நிரப்பிய தம்ளரில் மற்றவற்றைவிட உயரமாக நட்டுவிடலாம். ஹனுக்கா வெளிச்சத்தில் படிப்பது, வேலை செய்வது கூடாது. அதற்கு ஈடாக நிற்பதும் ஷமாஷ்தான்.

முதல் இரவு உங்கள் வலக்கைக் கடைசி அகலில் மட்டும் திரி. அடுத்த நாள் அதோடு இடப்பக்கம் இன்னொன்று, இப்படி நாளுக்கு ஒன்று கூடும். வைப்பது வலமிருந்து இடம். ஏற்றுவதோ அன்று புதிதாக வந்ததிலிருந்து, அதாவது இடமிருந்து வலம். இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள்.

இந்த வருடம் உங்களைச் சோதிக்கப்போவது சமையல் அல்ல, கடிகாரம். முதல் விளக்கு டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை; எட்டாவது 11, அதுவும் வெள்ளி. உங்கள் ஊரில் அப்போது 4.30 மணியையொட்டிச் சூரியன் மறையும். தீ மூட்டுவதும் சமைப்பதும் கூடாத வார ஓய்வு நாளான சபாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்; அதற்கான விளக்கைச் சூரியன் மறைய 18 நிமிடம் முன்பே ஏற்றுவது வழக்கம். ஹனுக்கா விளக்கை அதற்கும் முன்னால் ஏற்றியாக வேண்டும். ஆக, 4.10க்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். விளக்கோ நன்றாக இருட்டி அரை மணி நேரம் ஆகும்வரை, ஏறத்தாழ 5.45 வரை எரிய வேண்டும். கடையில் 44 என்று பெட்டியில் வரும் சின்ன மெழுகுவர்த்திகள் அதுவரை தாங்காது. உங்கள் அகல் தாங்கும். இருந்தாலும் முந்தின வாரமே ஒன்றை ஏற்றி, எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். சபாத் தொடங்கிவிட்டால் நடுவில் எண்ணெய் ஊற்ற முடியாது. லாட்கேயையும் சம்பந்தி வருமுன் சுட்டு முடித்துவிடுங்கள்.

லாட்கே உதிர்வதும் எண்ணெய் குடிப்பதும் ஒரே காரணத்தால்: தண்ணீர். வடை மாவு நீர்த்துப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு பேருக்கு ரஸட் உருளைக்கிழங்கு 1 கிலோ, நடுத்தர வெங்காயம் 2. இரண்டையும் மாற்றி மாற்றித் துருவினால் கிழங்கு சட்டென்று கறுக்காது. மெல்லிய துணியில் கட்டி, கை வலிக்கப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்! பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்நீரை வடித்துவிட்டு அந்த மாவைத் துருவலோடு சேருங்கள். உதிராமல் பிடித்துவைப்பது அதுதான். முட்டை 2, மைதா 4 மேசைக்கரண்டி. உப்பு ஒன்றரை தேக்கரண்டி, அதையும் சுடுவதற்குச் சற்று முன்பே போடுங்கள். முன்கூட்டிப் போட்டால் மறுபடி நீர் விடும்.

அகலமான வாணலியில் அரை செ.மீ. ஆழத்துக்கு எண்ணெய். ஒரு துருவலைப் போட்டால் உடனே சடசடக்க வேண்டும். ஒரு ஈடுக்கு நாலைந்துதான். நெருக்கினால் சூடு இறங்கி, மறுபடி எண்ணெய் குடிக்கும். ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் தட்டாதீர்கள், நடு வேகாது. ஓரம் சிவந்த பிறகு ஒரே ஒருமுறை திருப்புங்கள். சுட்டதை அடுக்கினால் ஆவியில் நமுத்துப்போகும். கம்பித் தட்டில் பரப்பி, 200 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு நிற்கும்.

கோஷர் வீட்டாருக்குப் புது வாணலி, புது துருவி வாங்கிவிடுவது நல்லது. எண்ணெய்ப் புட்டியில் வட்டத்துக்குள் ஆங்கில 'யு' போட்ட முத்திரை இருக்கிறதா பாருங்கள். முட்டையைத் தனித்தனியாகக் கண்ணாடி தம்ளரில் உடைத்து, ரத்தப் பொட்டு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். விருந்தில் இறைச்சி உண்டென்றால் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் மட்டும். சவர் க்ரீம் பால் வகை, சேராது. எதற்கும் சம்பந்தியம்மாவிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள், கேட்காமல் செய்ததைத் தொடாமல் விடுவதுதான் சங்கடம்.

இனிப்புக்கு ஜாம் வைத்த டோனட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொச்சி யூதர்கள் ஹனுக்காவுக்கு நெய்யப்பம் சுடுவது வழக்கம். எண்ணெய்ப் பலகாரம் என்பதுதான் முக்கியம். நெய் விடாமல் எண்ணெயிலேயே சுட்டால் இறைச்சி விருந்துக்கும் ஒத்துவரும்.

ட்ரெய்டல் பம்பரம் பத்து நிமிட வேலை. 6 செ.மீ. சதுரக் கெட்டி அட்டையில் மூலைக்கு மூலை கோடு போட்டு, வெட்டும் புள்ளியில் குட்டைப் பென்சிலைச் செருகுங்கள். துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஆடிக்கொண்டே விழும். நான்கு ஓரங்களிலும் நூன், கிமெல், ஹே, ஷின் என்ற எபிரேய எழுத்துகளை மகளே எழுதிக் கொடுக்கட்டும். எந்த ஓரம் தரையில் படிகிறதோ அதுதான் கணக்கு: நூனுக்கு ஒன்றுமில்லை, கிமெலுக்கு நடுவில் உள்ளது அத்தனையும், ஹேவுக்குப் பாதி, ஷின் விழுந்தால் கையிலிருந்து ஒன்று வைக்க வேண்டும். பந்தயத்துக்குச் சாக்லேட் காசு கிடைக்கும். இல்லையென்றால் தோலோடு வறுத்த வேர்க்கடலை போதும்.