மொத்தம் மட்டும் அடுத்த பக்கத்தில்!

கேள்வி: குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கணக்கை வேர்டில் அடித்தேன். 14 வரிசை டேபிள். பத்து ஒரு பக்கத்திலும் நாலு அடுத்த பக்கத்திலும் விழுகிறது. எண்டர் தட்டித் தட்டிக் கீழே இறக்கினாலும், மேலே ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. என்ன வழி?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்த எண்டர்களை அழித்துவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி கடை போட்ட புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். ஒரு கோயில் திருவிழாவின் வரவு செலவுப் புத்தகம். ப்ரூஃப் பார்த்து முடித்த பிறகு பந்தல்காரர் பாக்கி என்று ஒரு வரி கூடியது. அச்சாகி வந்தால், 'மொத்தம்' மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் அநாதையாக நிற்கிறது! பேப்பர் செலவு என் தலையில்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டேபிளில் ரைட் கிளிக் செய்து டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் 'ரோ' பகுதிக்குப் போனால், 'அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' என்று ஒரு டிக் இருக்கும். பலர் அதை எடுத்துவிட்டு, "அப்பவும் உடையுதே" என்று வேர்டைத் திட்டுவார்கள். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் நாலு வரி இரண்டாகப் பிளக்காமல் காப்பதோடு அதன் வேலை முடிந்தது.

உங்களுக்கு வேண்டியது 'கீப் வித் நெக்ஸ்ட்'. கடைசி வரிசையை விட்டுவிட்டு மற்ற 13-ஐயும் செலக்ட் செய்து, பாராகிராஃப், லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் போய் அதற்கு டிக் போடுங்கள். பெரம்பூரில் ரயில் பெட்டிகளைக் கோத்து நிறுத்தியிருப்பார்களே, அப்படி ஒவ்வொரு வரிசையும் அடுத்ததோடு கொக்கி போட்டுக்கொள்ளும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் டேபிள் மொத்தமாக அடுத்த பக்கத்துக்குப் போகும். பொருளாளர் கையெழுத்து வரியும் கூடவே வரவேண்டுமா? கடைசி வரிசைக்கும் டிக் போட்டுவிடுங்கள்.

டேபிளே ஒரு பக்கத்தைவிட நீளம் என்றால் எந்தக் கொக்கியும் நிற்காது. தலைப்பு வரிசைக்கு 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுத்து உடைய விடுவதே மரியாதை. வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் அடிப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஃப்ளோவுக்குப் போய், டேபிளை உடைய அனுமதிக்கும் டிக்கை எடுத்தால் போதும்.

அப்புறம், பிரஸ்ஸுக்கு பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். வேர்ட் ஃபைலாகக் கொடுத்து, அங்கே உங்கள் தமிழ் ஃபாண்ட் இல்லாவிட்டால் வரிகள் நீண்டு, பத்தும் நாலும் மறுபடி வந்து நிற்கும்.